சேலஞ்ச் ஓட்டு

தென்கரைன்னு மட்டும் தட்டுனா வராது டீச்சர், மதுரை தென்கரைன்னு முழுசாத் தட்டணும். நேத்துப் பூராம் இந்தக் கடையில இதே சோலிதான். தெருவே போனத் தூக்கிக்கிட்டு வந்திருச்சு. அண்ணே எங்கப்பன் பேரு எந்தப் பாகத்துல வரும், அண்ணே எங்காத்தா எந்தப் பூத்துன்னு. பழைய ஓட்டர் லிஸ்ட்ல நம்ம பேரோ பெத்தவுக பேரோ இருந்தாத்தான் புது லிஸ்ட்ல நிக்குமாம்ல. இல்லாமப் போன தொகுதிய ஊரே கூடித் தேடுது பாருங்க. இருங்க, அந்தச் சேர் வேணாம், கால் ஒடஞ்சது. இதுல உக்காருங்க. பந்தல் கடையில உக்காரச் சேர் இல்லைன்னு யாரும் சொல்லிறக் கூடாதுல்ல. டீ சொல்லவா? வெயில்ல பாலம் தாண்டி வந்திருக்கீக. வேணாமா? சரி, பெறகு சொல்றேன்.

கோரிப்பாளையம் பூத்துக்கு லிஸ்ட் பாக்குறவுக, பழைய ஏஜெண்டத் தேடிப் பழங்காநத்தம் வரைக்கும் வந்திருக்கீகன்னா, பெரிய விசயம் டீச்சர். மத்தவுக வீட்டு வாசல்ல பாரத்தப் போட்டுட்டுப் போயிருதாக. சொந்த ஊரு எது? திருமங்கலமா? அதான் தென்கரை தெரியல. உங்க வயசுக்குத் தெரிஞ்சிருக்கவும் முடியாது. நீங்க பள்ளிக்கூடம் போயிக்கிட்டு இருக்கைல அது போயிருச்சு.

வடக்க ஆறுதான் எல்லை. சிம்மக்கல்லுல பாலத்துக்கு இங்கிட்டு நிக்கிறவன் தென்கரை. பாலத்துக்கு அங்கிட்டு கோரிப்பாளையம், அது வேற தொகுதி, வேற எம்எல்ஏ. தெக்க இந்தா பழங்காநத்தம் தாண்டி தண்டவாளம் வரைக்கும். கோயிலுக்குப் பக்கத்துத் தெருவுக கொஞ்சம், மேக்க வயக்காட்டுல இருந்து வந்து குடியேறுன எங்காளுக தெருவுக கொஞ்சம், மில்லுக்காரக, கடைக்காரக. சின்னத் தொகுதிதான். ஒரு முக்குல மைக்கக் கட்டுனா அடுத்த முக்குக்குக் கேக்கும். ஆனா அம்புட்டு ரோசம் பிடிச்ச தொகுதி. இந்தத் தடவ ஜெயிக்க வச்சவன அடுத்த தடவ தோக்கடிச்சுத்தான் அனுப்பும். ரெண்டு தடவ சேந்தாப்புல ஒருத்தனும் ஜெயிச்சதில்ல. ஒரு எம்எல்ஏ குடிதண்ணிக் குழாய் போடுறேன்னு ரோட்டத் தோண்டிப் போட்டுட்டுப் போயிட்டாரு. அடுத்த எலெக்‌ஷன்ல பொம்பளைக காலிக் குடத்தத் தூக்கிக்கிட்டு வரிசையில நின்னு ஓட்டுப் போட்டாக. குடத்தோட உள்ள வரக்கூடாதுன்னுட்டாரு ஆபீசரு. வெளிய இறக்கி வச்சுட்டு வந்தாக பாருங்க, பள்ளிக்கூட வாசல்ல எரநூறு குடம். அந்தாளு டெபாசிட் காலி.

நான் அஞ்சு எலெக்‌ஷனுக்கு ஏஜெண்டா உக்காந்தேன். ஒரே பூத். கார்ப்பரேசன் ஸ்கூலு, மூணாப்பு ரூம்பு. பூத் ஏஜெண்டுன்னா என்ன வேலைன்னு நெனைக்கிறீக? கட்சிக்கு ஓட்டு வாங்குறது இல்ல, அது வெளியோட முடிஞ்சிரும். உள்ள உக்காந்துட்டா ஒரே வேலைதான். வர்ற ஆளு, லிஸ்ட்ல இருக்க ஆளுதானான்னு அடையாளம் சொல்றது. வெளியூரு ஆபீசருகளுக்கு நம்ம தெருவுல யாரு என்னன்னு தெரியாது. நாங்க தலைய ஆட்டுனாத்தான் ஆளு. நான் லிஸ்டப் பாக்கவே மாட்டேன். அம்புட்டும் மனப்பாடம். காலையில ஏழு மணிக்கு மொத ஆளா ஹாலாஸ்யம் ஐயா நிப்பாரு, தாலுக்கா ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவரு. சலவை வேட்டி, கையில கொடை. மொத ஓட்டு வேற யாரும் போட்டுட்டா அன்னைக்கிப் பூராம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிருவாரு. அவருக்கு வரிசை எண் நாப்பத்தியொன்னு. பாருங்க, இன்னும் மறக்கல.

செத்தவுகளுக்கும் ஊரவிட்டுப் போனவுகளுக்கும் செவப்பு மையில ஒரு கோடு. அது எங்க சொந்த லிஸ்ட்ல நாங்களே போட்டுக்கிறது. செவப்புக்கோடு போட்ட பேருல எவனும் கள்ள ஓட்டுப் போட வந்தா, எந்திரிச்சு சேலஞ்ச்னு சொல்லணும். ரெண்டு ரூவா கட்டணும். பெரிய ஆபீசரு விசாரிப்பாரு. நாம சொன்னது சரின்னா அந்த ஆளு வெளிய, ரெண்டு ரூவா திரும்பி வரும். சட்டத்துலயே இருக்கு.

எங்க, போனக் காட்டுங்க. கண்ணாடிய எங்க வச்சேன்... ஆங். பாகம் நூத்திப் பதினாலு. வரிசை எண் அறுநூத்திப் பன்னெண்டு. பாண்டீஸ்வரி. தந்தை பெயர் காளை. வயசு இருபத்திமூணு.

ம்.

ஒன்னுமில்ல டீச்சர். பந்தத் துணித் தூசி. எம்புட்டு உதறி வச்சாலும் போகாது.

இல்ல, பேரு சரியாத்தான் இருக்கு. நீங்க சொல்லுங்க. தீப்தின்னு ஒரு பிள்ளை, இருபது வயசு. எங்கம்மா பேரு பழைய லிஸ்ட்ல இருக்குன்னு பாரத்துல எழுதிக் குடுத்திருக்கு. நீங்க பாத்தா, அந்தம்மா பேரு அடுத்த லிஸ்ட்லயே இறப்புன்னு அடிச்சிருக்கு. ஆனா பிள்ளையோட அம்மா செத்ததுக்கு சர்ட்டிபிகேட் மூணு வருசத்துக்கு முந்தித்தான் வாங்கியிருக்கு. அப்ப பழைய லிஸ்ட்ல இருக்க பாண்டீஸ்வரி வேற, உங்கம்மா வேறன்னு ஆபீசுல சொல்றாக. அப்படித்தான? அப்பன் பேரும் எங்கயும் இல்ல. அவன் ராம்நாட்டுப் பக்கம் ஆசிரமத்துல வளந்த பய, ஷேர் ஆட்டோ ஓட்டுனான், ஒரு லிஸ்ட்லயும் பேரு சேத்ததில்ல. எப்படித் தெரியுமா? தெரியும் டீச்சர். சோணைன்னு பேரு. ஒரே ஊருல கெடந்து உருளுறோம், தெரியாமப் போகுமா.

அந்தப் பிள்ளை என்ன சொல்லுச்சு, அம்மா வழியில யாருமே இல்லைன்னா? ம். சரியாத்தான் சொல்லியிருக்கு.

பாண்டீஸ்வரியத் தெரியுமான்னுதான கேக்குறீக. தெரியும். நல்லாத் தெரியும். சிம்மக்கல்லுல ஒரு ஜெராக்ஸ் கடையில டைப் அடிச்சுக்கிட்டு இருந்தா. சோணை ஆட்டோவுல போறவ வாரவ, பழக்கமாயிருச்சு. நம்மாளுக இல்ல அவன். உங்களுக்கு நான் வெளக்க வேண்டியதில்ல. ஒரு வெள்ளிக்கெழமை வேலைக்குப் போனவ வரல. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்தப் போட்டுட்டு, ஆத்துக்கு அங்கிட்டு கோரிப்பாளையத்துல தர்கா பக்கத்துல ஒரு வாடகை வீட்டுல போயி இருந்துக்கிட்டா. தூரம் ஒன்னும் இல்ல. பாலம் ஏறி எறங்குனா வீடு.

தகப்பன் காளை முந்தியே போயிட்டாரு. வீட்டுல ஆத்தா ரெங்கம்மா, அப்பறம் ஒரு ஆம்பளை. அந்த வீட்டுல எதுன்னாலும் அவன் சொல்றதுதான். தலை முழுகுனாக. சும்மா வாய் வார்த்தைக்கு இல்ல, நெசமாவே எண்ணெய் வச்சு முழுகுனாக. அதோட விட்டாகளா? போஸ்டர் அடிச்சாக. கண்ணீர் அஞ்சலி. நீங்க பாத்திருப்பீகளே, நம்மூர்ல ஒன்னுக்கும் போஸ்டர் இல்லாம ஆகாதுல்ல. பாண்டீஸ்வரி, தோற்றம் இன்ன தேதி, மறைவு இன்ன தேதி. மறைவுன்னு போட்டிருந்த தேதி, அவ கையெழுத்துப் போட்ட வெள்ளிக்கெழமை. பழங்காநத்தத்துல இருந்து சிம்மக்கல் வரைக்கும், பாலத்துத் தூணு வரைக்கும் ஒட்டுனாக. பத்தாப்புப் படிக்கைல எடுத்த போட்டோ, ரெட்டைச் சடை. அன்னைக்கி அவளுக்கு மலேரியாக் காய்ச்சல் விட்டு மூணு நாளு. கண்ணு உள்ள போயிக் கெடக்கும். நெசமாவே செத்தவ மாதிரித்தான் இருக்கும் அந்தப் போட்டோவுல.

அதெப்படியா? ஒரே தெருவு டீச்சர். காய்ச்சல் தெரியாதா.

ரெங்கம்மா ஒரு சொம்புத் தண்ணிய எடுத்துக்கிட்டுத் தெருத்தெருவாப் போகும். போஸ்டர் மேல தண்ணியத் தெளிச்சு, ஊற வச்சு, நகத்தால சொரண்டும். ஒரு செவுரு முடிச்சு அடுத்த செவுரு. இங்கிட்டுச் சொரண்டுனா அங்கிட்டு ஒட்டியிருப்பாக. பதினாறாம் நாளு காரியத்துக்கு வந்த சனம், அந்தம்மா விரலுல ரத்தத்தப் பாத்துட்டு, துக்கம் தாங்கலன்னு பேசிக்கிட்டாக.

ரெண்டு வருசம் கழிச்சு எலெக்‌ஷன். தென்கரைக்கு அதுதான் கடைசி எலெக்‌ஷன். எங்களுக்கு அது அப்பத் தெரியாது.

மே மாசம். மூணாப்பு ரூம்புல ஒரே ஒரு ஃபேன், அதையும் ஆபீசரு மேசைப் பக்கமாத் திருப்பி வச்சிருக்கு. பதினோரு மணி இருக்கும். நான் ஜன்னல் பக்கம் உக்காந்திருக்கேன். பொம்பளைக வரிசை அங்கிட்டுத்தான் நிக்கும். ரெங்கம்மா நிக்கிது. அதுக்குப் பின்னால ஒரு நாலஞ்சு ஆளு தள்ளி, மஞ்சச் சேலை. இடுப்புல கைப்பிள்ளை. மொதல்ல எனக்குத் தட்டுப்படல டீச்சர். கொஞ்சம் வத்திப்போயிருந்தா. பெறகு வரிசை பைய நகந்துச்சு, முன்னால நின்ன பொம்பளைக ஒருத்தி மாத்தி ஒருத்தி வழிய விட்டாக. நீ முன்னுக்குப் போ ஆத்தா, கைப்பிள்ளக்காரின்னு. அப்படியே ரெங்கம்மாளுக்குப் பின்னால வந்துட்டா. ரெங்கம்மா திரும்பிப் பாக்கல. கைய மட்டும் பின்னால கொண்டுபோயி, பிள்ளையோட காலப் பிடிச்சுக்கிருச்சு. அந்தச் சின்னக் காலு, கையில முழுசா அடங்கிருச்சு. வரிசை நகருது, கைய விடல.

அவ ஓட்டுப் போட வரல டீச்சர். எனக்கு அப்பவே தெரியும். கோரிப்பாளையத்துல இருந்துக்கிட்டு அவளுக்குத் தென்கரை எம்எல்ஏ எவனா இருந்தா என்ன? அந்த ஒரு நாளு அவள இந்தத் தெருவுக்குள்ள வராதன்னு ஒருத்தனும் சொல்ல முடியாது. லிஸ்ட்ல பேரு இருக்கு. வாசல்ல போலீஸ் நிக்கிது. ஆத்தாளுக்குப் பக்கத்துல அரை மணி நேரம் நிக்கலாம். அதுக்கு வந்திருக்கா.

ரெங்கம்மா அவள முன்னால விட்டுருச்சு. நீ போ, நீ போன்னு. மேசைக்கு வந்தா. முத ஆபீசரு சத்தமா வாசிச்சாரு. அறுநூத்திப் பன்னெண்டு, பாண்டீஸ்வரி.

நான் எந்திரிச்சு சேலஞ்ச்னேன்.

பெரிய ஆபீசரு வெளியூர்க்காரரு, எங்கயோ காலேஜ்ல வாத்தியாரு. கண்ணாடிய ஏத்திவிட்டுக்கிட்டு, என்ன விசயம்ங்கிறாரு. சார், இது பாண்டீஸ்வரி இல்ல, பாண்டீஸ்வரி செத்து ரெண்டு வருசம் ஆச்சுன்னேன். ரெண்டு ரூவாயை மேசையில வச்சேன். பைலுக்குள்ள அந்தப் போஸ்டர் ஒன்னு மடிச்சு வச்சிருந்தேன், அதையும் எடுத்து விரிச்சேன். ஆமா டீச்சர், வச்சிருந்தேன். வந்தாலும் வருவான்னு நெனச்சிருந்தேன். அவ பேருக்குச் செவப்புக்கோடு போடைலயே எடுத்து வச்சுட்டேன்.

ஆபீசரு போஸ்டரப் பாக்குறாரு, இவளப் பாக்குறாரு. போட்டோவுல பதினஞ்சு வயசுப் பிள்ளை, ரெட்டைச் சடை, காய்ச்சல் கண்ணு. முன்னால நிக்கிறது பிள்ளை பெத்து வத்திப்போன பொம்பளை. உன் ஓட்டர் அட்டை எங்கன்னு கேக்குறாரு. அட்டை பொறந்த வீட்டுல இருக்கு சார், குடுக்க மாட்டேங்கிறாகன்னா. வேற எதுவும் இருக்கா? இல்ல. உன்ன அடையாளம் சொல்ல யாரும் இருக்காகளா?

என்னயத் திரும்பிப் பாத்தா. அண்ணே, நீங்க சொல்லுங்கண்ணேன்னா.

மதுரையில டீக்கடைக்காரருல இருந்து கண்டக்டர் வரைக்கும் எல்லாரும் அண்ணேதான. அந்த சார் அத ஒன்னும் பெருசா எடுத்துக்கல. நான் ஆபீசரப் பாத்துதான் சொன்னேன். எனக்கு இவுக யாருன்னு தெரியாது சார்னு.

எதிர்க்கட்சி ஏஜெண்டு ஒருத்தன் பக்கத்துல உக்காந்திருந்தான். காலையில இருந்து என்கூட எல்லாத்துக்கும் மல்லுக்கு நின்னவன். குனிஞ்சு அவன் லிஸ்டப் பாத்துக்கிட்டு இருந்தான். அந்த ஒரு விசயத்துல மட்டும் ரெண்டு கட்சியும் ஒரே கட்சி. ஹாலாஸ்யம் ஐயா காலையிலயே ஓட்டுப் போட்டுட்டாரு, ஆனா சம்சாரம் பாகீரதியம்மாளக் கூட்டிக்கிட்டு மறுபடி வந்து வாசல்ல நிக்கிறாரு. அந்தப் பிள்ளைக்கி அஞ்சாப்பு வரைக்கும் கணக்குச் சொல்லிக் குடுத்தது அந்தம்மாதான். ரெண்டு பேருக்கும் தெரியும். ஐயா கண்ணாடியக் கழட்டித் தொடைக்க ஆரம்பிச்சாரு. தொடச்சுக்கிட்டே இருந்தாரு.

ரெங்கம்மாதான் பேசுச்சு. சார், அது எம்மக சார், நான் பெத்தவ சொல்றேன், எம்மகதான்னுச்சு. ஆபீசரு பேனாவக் கீழ வச்சுட்டாரு. அவரு மொகம் மாறுது. அந்தம்மா என்னயப் பாத்து, துரை, சொல்லுய்யா, ஒரு வார்த்தை சொல்லுய்யாங்குது.

அப்பச் சொல்லியிருக்கலாம். ஒரு தலையாட்டு டீச்சர். அதுக்குத்தான என்னய அங்க உக்கார வச்சிருந்தாக.

நான் என்ன செஞ்சேன்னா, எந்திரிச்சு ஆபீசருகிட்டப் போயி, மெதுவா, பாவப்படுற மாதிரிச் சொன்னேன். சார், தப்பா எடுத்துக்கிறாதீக, மக செத்ததுல இருந்து அந்தம்மாவுக்குப் புத்தி சரியில்ல. வயசுப் பொம்பளை யாரப் பாத்தாலும் எம்மகங்கும். நாங்க தெருவுல பழகிட்டோம்னேன். அப்படியே நம்பிட்டாரு. நம்ப வைக்கிற மாதிரித்தான் சொன்னேன். அந்தம்மா கைய வேற பாத்துட்டாரு, போஸ்டர் சொரண்டுன நகமெல்லாம் அதுக்கப்பறம் நேரா மொளைக்கவே இல்ல. அய்யோ பாவம்னாரு.

போலீஸ்ல பிடிச்சுக் குடுக்கணும், சட்டம் அப்படி. அவரு நல்ல மனுசன். கைப்பிள்ளை வச்சிருக்க, இந்த வேலைக்கெல்லாம் வராதம்மா, போன்னாரு. அவ அழுகல. பிள்ளைய இந்த இடுப்புல இருந்து அந்த இடுப்புக்கு மாத்திக்கிட்டா. ஆத்தாளப் பாத்து, வாரேம்மான்னா. போயிட்டா.

அடுத்து ரெங்கம்மா முறை. மை வைக்க விரல நீட்டச் சொன்னாக. கைய முந்தியில சுத்திக்கிட்டு, எம்மகளுக்கு இல்லாத ஓட்டு எனக்கெதுக்குன்னு எறங்கிப் போயிருச்சு. என் ரெண்டு ரூவாயத் திருப்பிக் குடுத்தாக. வாங்கிச் சட்டைப் பையில போட்டுக்கிட்டேன்.

யாரு ஜெயிச்சாகளா? எங்காளுதான். ஒம்பதாயிரம் ஓட்டு வித்தியாசம்.

அடுத்த மாசம் பேரு நீக்குற பாரத்தையும் நானே எழுதிக் குடுத்தேன். காரணம் இறப்பு. அதுனாலதான் உங்க போன்ல அடுத்த லிஸ்ட்ல அவ பேரு அடிச்சிருக்கு. அவளும் அதுக்கப்புறம் எங்கயும் போயிப் பேரு சேக்கல. சேத்திருந்தா அந்தப் பிள்ளைக்கி இன்னைக்கி இந்த அலைச்சல் இல்ல.

ரெங்கம்மா அன்னையில இருந்து தெருவுக்குப் பைத்தியம் ஆயிருச்சு. ஆபீசருகிட்டச் சொன்னது சாயங்காலத்துக்குள்ள தெருவெல்லாம் பரவிருச்சு. சின்னப் பிள்ளைகளக் கூடக் கிட்ட விட மாட்டாக. ஆனா பாருங்க டீச்சர், அந்தம்மா மறுத்தே பேசல. ஆமாத்தா, நான் பைத்தியந்தான்னுட்டுப் போகும். செவ்வாய்க்கெழமை ஆனா ஒரு தூக்குவாளிய எடுத்துக்கிட்டுக் கெளம்பிரும். எங்க போறன்னு ஒருத்தரும் கேக்கல. பைத்தியம் எங்குட்டோ திரியுதுன்னு விட்டுட்டாக. எனக்கு வெளங்க நாலு வருசம் ஆச்சு. ஒரு நாள் பின்னாலயே போனேன். சிம்மக்கல்லு, பாலம், கோரிப்பாளையம். தர்காவ ஒட்டுன சந்துல ஒரு லைன் வீட்டு வாசல்ல, சின்னப்பிள்ளை ஒன்னு நின்னுக்கிட்டு வழியப் பாத்துக்கிட்டு இருக்கு. தூக்குவாளியப் பாத்ததும் ஓடியாந்துச்சு. நான் பழவண்டிக்குப் பின்னால நின்னேன். புத்தி சரியில்லைன்னு நான் சொன்ன சொல்ல வச்சே அந்தம்மா தனக்கு ஒரு வழி பண்ணிக்கிருச்சு. திரும்பி வந்துட்டேன். யாருகிட்டயும் சொல்லல.

பதினோரு வருசம் அப்படிப் போயிட்டு வந்துச்சு. பெறகு ஒரு ஞாயித்துக்கெழமை செத்துப்போச்சு. அங்க தாக்கல் சொல்லிவிட ஆளில்ல. செவ்வாய்க்கெழமை வரலைங்கவுந்தான் அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்.

தொகுதியா? அது அதுக்கு ரொம்ப முன்னாலயே போச்சு. கடைசி எலெக்‌ஷன் முடிஞ்சு ரெண்டு வருசம் இருக்கும், பேப்பர்ல போட்டுட்டாக. எல்லைய மாத்தி வரையுறாகளாம், தென்கரை இல்லையாம். மூணு வார்டு இந்தப் பக்கம், நாலு வார்டு அந்தப் பக்கம். கட்சி ஆபீஸ்ல போர்டக் கழட்டைல சில பேரு அழுதாக. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு நிம்மதி டீச்சர், பொய் சொல்லக் கூடாது. தொகுதி இல்லைன்னா அந்த பூத் இல்ல. பூத் இல்லைன்னா அந்த லிஸ்ட் இல்ல. அன்னைக்கி அந்த ரூம்புல நடந்ததும் இல்லைன்னு ஆயிரும்னு நெனச்சேன். போகலையே. பஸ் ஸ்டாப்புத் தகரத்துல இருக்கு, தண்ணித் தொட்டியில இருக்கு, மதுரை தென்கரைத் தொகுதி மேம்பாட்டு நிதின்னு. போற வழியெல்லாம் எழுதி வச்சிருக்கானுக. கல்யாண மண்டபத்துல சேர் எறக்கி எண்ணுவேன். அறுநூத்திப் பதினொன்னு வரைக்கும் எண்ணுவேன். அடுத்தது வாயில வராது. பதிமூணுன்னு போயிருவேன். கூட வேலை பாக்குறவுக சிரிப்பாக, அண்ணே எப்பப் பாத்தாலும் ஒரு சேர் கூடுதலா வருதேம்பாக. அந்த ஸ்கூல்ல ஆண்டு விழாவுக்குப் பந்தல் கேப்பாக. மூணாப்பு ரூம்புல சாமானப் போடச் சொல்லுவாக. நான் உள்ள போக மாட்டேன். வாசல்ல நின்னாலும் அந்த முத ஆபீசரு நம்பர் வாசிக்கிற சத்தம் கேக்குது. பட்டப்பகல்ல, பிள்ளைகளெல்லாம் ஓடிக்கிட்டு இருக்கைல கேக்குது.

இருங்க, முக்கியமானத இன்னும் சொல்லல. மூணு வருசத்துக்கு முந்தி, கொரானா எல்லாம் அடங்குனதுக்கப்பறம், ஒரு போன். கோரிப்பாளையத்துல துஷ்டி வீடுண்ணே, பந்தல் வேணும், அம்பது சேரு. விலாசம் கேட்டேன். தர்கா பக்கத்துச் சந்து, லைன் வீடுன்னாக. யாருன்னு கேக்கல. கூட ஆளையும் கூட்டிக்கிறல. நானே வண்டிய எடுத்துக்கிட்டுப் போனேன். சந்து மொனையில போஸ்டர். கண்ணீர் அஞ்சலி. அதே பேரு. இதுல தலை நரைச்சிருக்கு, சிரிச்ச மொகம். ரெண்டாவது தடவையும் அதே எழுத்து.

சக்கரை வந்து கிட்னி போயிருச்சாம். சோணை அதுக்கு முந்தியே ஆக்சிடென்ட்ல போயிட்டான். அக்கம்பக்கத்துப் பாய் வீட்டுக்காரகதான் எல்லாத்தையும் நின்னு பாத்தாக. நான் கம்பு நட்டு, துணியக் கட்டி, சேரப் போட்டேன். என்னய யாருக்கும் அங்க தெரியாது, பந்தக்காரரு. ஒரு பதினேழு வயசுப் பிள்ளை, அழுது வீங்குன மொகத்தோட, சொம்புல தண்ணி கொண்டாந்து குடுத்துச்சு. குடிங்கண்ணே, வெயிலா இருக்குன்னுச்சு. அந்தப் பிள்ளைதான் உங்க தீப்தி.

குளிப்பாட்டித் தூக்கப் போறாக. ஒரு பெரிய மனுசி உள்ள இருந்து சத்தம் போட்டுச்சு. பொறந்த வீட்டுக் கோடி யாருப்பா? கொண்டாங்க, நேரமாகுதுன்னு. எங்க பழக்கத்துல பொறந்த வீட்டுச் சேலை போத்தாமத் தூக்க மாட்டாக டீச்சர், உங்களுக்கும் அப்படித்தான இருக்கும். மறுபடி கேட்டுச்சு. பொறந்த வீட்டுல இருந்து யாரும் வந்திருக்கீகளா? அந்தப் பிள்ளை தேம்பிக்கிட்டே, எங்கம்மாவுக்கு யாரும் இல்லைன்னுச்சு. நான் பந்தக் கயித்தப் பிடிச்சபடி நிக்கிறேன். கயித்த முடிச்சுப் போட்டுட்டேன், விட வேண்டியதுதான், கை விட மாட்டேங்குது. பக்கத்து வீட்டுப் பாயம்மா உள்ள போயி, பிரிக்காத புதுச் சேலை ஒன்ன எடுத்துக்கிட்டு வந்து, நான் போத்துறேன், என் கூடப் பொறந்தவளா நெனச்சுக்கிறேன்னுச்சு. அதத்தான் போத்துனாக. பந்தலுக்கு நான் வாடகை வாங்கல. ஏன்னு கேட்டாக. ஒன்னுமில்லன்னுட்டு வந்துட்டேன்.

சரி டீச்சர். தாள எடுங்க. நான் சொல்றேன், நீங்க எழுதிக்கங்க. மதுரை தென்கரை, பாகம் நூத்திப் பதினாலு, வரிசை எண் அறுநூத்திப் பன்னெண்டுல இருக்க பாண்டீஸ்வரியும், தீப்தியோட அம்மா பாண்டீஸ்வரியும் ஒரே ஆளுதான். அப்ப இறந்துட்டதா எழுதிக் குடுத்தது பொய். குடுத்தது வெள்ளைத்துரை, வயசு அம்பத்தியெட்டு, பந்தல் கடை, பழங்காநத்தம். பொய்யின்னே எழுதுங்க. தவறுதலாங்கிற வார்த்தையெல்லாம் வேணாம், தவறுதலா நடக்கல. பொய் எழுதிக் குடுத்தா தண்டனை உண்டுன்னு அந்தப் பாரத்துலயே அச்சடிச்சிருக்கும், வாசிச்சுப் பாத்துட்டுத்தான் அன்னைக்கிக் கையெழுத்துப் போட்டேன். கூப்பிட்டா வாரேன். எந்த ஆபீசருக்கு முன்னாலயும் நின்னு சொல்றேன். அந்தப் பிள்ளை பேரு லிஸ்ட்ல வரட்டும்.

கீழ என்ன ஒரு கட்டம் விட்டுருக்கீக? சாட்சி சொல்றவருக்கு என்ன உறவா? தெருக்காரருன்னு போட்டாப் பத்தாதா? அதுவும் சரிதான். தெருக்காரன் சொன்னான்னா ஆபீசுல மறுபடி தள்ளிருவாக.

தாய்மாமன்னு போடுங்க.

ஆமா. அந்தப் பிள்ளைக்கித் தாய்மாமன். ரெங்கம்மா என்னயப் பெத்தவ. எழுதுங்க டீச்சர், ஏன் நிறுத்திட்டீக.